வறண்ட ஆற்றை நம்பிய ஊர்: 1903 பாலாற்று வெள்ளம்

களம்பூரிலும் ஆரணியிலும் வாழும் நமக்கு ஆறு என்றால் பெரும்பாலும் மணல்தான். கமண்டல நாகநதியை ஆண்டின் பல மாதங்கள் கால் நனையாமல் கடந்துவிடலாம். நெல்லுக்கும் பட்டு நெசவுக்கும் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தில், தண்ணீர் வராமல் போவதே நமது கவலை. வந்துவிட்டால் என்ன செய்வது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நமது ஆறு செய்யாற்றில் கலக்கிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றைச் சேர்கிறது. அந்தப் பாலாற்றின் மேற்பகுதியில், நம் சமுதாயத்தார் பெருவாரியாக வாழும் வாணியம்பாடிக்கு நேர்ந்ததை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

அந்நாளில் வாணியம்பாடி சேலம் மாவட்டத்தின் திருப்பத்தூர் வட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1911இல்தான் அது வடஆர்க்காட்டோடு இணைந்தது. 1903 நவம்பர் 12, வியாழக்கிழமை. ஹிஜ்ரி 1321, ஷஅபான் மாதத்தின் பிற்பகுதி. ரமலானுக்கு ஏறத்தாழப் பத்து நாட்களே இருந்தன. அன்று பெருகி வந்த பாலாறு நகரின் பெரும்பகுதியை அடித்துச் சென்றது. ஏறக்குறைய 200 பேர் உயிரிழந்தனர்.

இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது? பாலாறு மைசூர் நாட்டின் நந்தி மலைப் பகுதியில் தோன்றுகிறது. அதன் 348 கி.மீ. நீளத்தில் முதல் 93 கி.மீ. இன்றைய கர்நாடகத்திலும், அடுத்த 33 கி.மீ. ஆந்திரத்திலும் உள்ளது. கோலார்ச் சீமையில் ஏரிகள் சங்கிலிபோல் அமைந்தவை. ஒன்றின் உபரி நீரே மற்றொன்றின் வரத்து. மேல் ஏரியின் கரை உடைந்தால் அதன் நீர் முழுவதும் ஒரே வீச்சில் கீழ் ஏரியின்மேல் விழும், அதுவும் உடையும். அந்த நவம்பர் மழையில் ஏரிகள் உடைந்தன. கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் தந்ததால் பெயர் பெற்ற பேத்தமங்கலம் ஏரியும் அவற்றுள் ஒன்று. மழையால் ஏறும் வெள்ளம் படிப்படியாக உயரும். மனிதருக்கு எழுந்து நடக்க அவகாசம் தரும். ஏரி உடைந்து வரும் வெள்ளம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. தன் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்துக் கரையில் இருப்பவர் அதனிடம் ஏமாந்துபோவார்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. பாலாறு உள்ளிட்ட ஆறுகளில் மேலே புதிய அணைகள் எழுந்து நீர் குறைந்துவிடுமோ என்னும் அச்சத்தில்தான் சென்னையும் மைசூரும் 1892இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. பதினோரே ஆண்டுகளில் அதே ஆறு மிகுதியால் கொன்றது.

நீரில் மூழ்கி இறப்பவருக்கு ஷஹீதின் நற்கூலி உண்டு என்பது நாம் அறிந்ததே. எனினும் அவரைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு, ஜனாஸா தொழுகை நடத்தியே அடக்குகிறோம். அது இழந்தவர்க்கு ஆறுதல். இருப்பவர் அஜாக்கிரதையாக இருக்க அனுமதி அன்று. புகாரியில் பதிவான ஒரு நிகழ்ச்சி இங்கே கருதத்தக்கது. ஒரு ஜும்ஆவில் வறட்சியை முறையிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்ய, மழை பொழிந்தது. அடுத்த ஜும்ஆவில், வீடுகள் இடிகின்றன என்று முறையீடு வந்தது. அப்போது நபியவர்கள் மழையே வேண்டாம் என்று கேட்கவில்லை. ஊரை விட்டு விலகிக் குன்றுகளிலும் ஓடைகளிலும் மரங்கள் வளரும் இடங்களிலும் பொழியுமாறு வேண்டினார்கள். ஓடை நீருக்குரிய இடம். அதில் மனை போட்டுவிட்டு அதே துஆவை ஓதுவது எப்படிப் பொருந்தும் என்பது எமக்கு விளங்கவில்லை.

வாணியம்பாடியில் மாண்டோர் நினைவாக ஒரு தூண் நிற்கிறது. ஊர் அதை மறக்கவில்லை. ஆனால் ஆற்றை மறந்தது. வறண்ட படுகையில் மணல் அள்ளிய குழிகளின்மேல் புதுவெள்ளம் சமமாகத் தெரியும். இடுப்பளவு என்று இறங்கும் சிறுவனுக்கு அடுத்த அடியில் தரை இராது. நீச்சல் தெரியாதவர் அவனைக் காப்பாற்றக் குதித்தால் இருவரையும் இழக்க நேரும். கரையில் நின்றபடியே சேலையையோ கயிற்றையோ மூங்கிலையோ நீட்டுவதே செய்யக்கூடியது.

ஆற்றங்கரையில்தான் ஆபத்து என்பதும் இல்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் மீண்டும் பெருவெள்ளம் வந்தது. அம்மாதம் 19ஆம் நாள் பேர்ணாம்பட்டில் மழையில் ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தனர். நம் தெருக்களிலும் பழைய மண்சுவர்கள் பல உள்ளன. மழை நின்ற பிறகும் சில நாட்கள் அவற்றின் ஓரமாகப் பிள்ளைகளைப் படுக்கவைக்கலாகாது.