அடக்க ஆராதனையில் மூன்று வரி

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் சபைகளில் ஒரு தாயாரை அடக்கம் செய்யும் நாளில், வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரும்படி ஆயர் பிள்ளைகளிடம் கேட்பார். பிள்ளைகள் வீட்டு வேதாகமத்தின் முன்பக்கத்தைத் திறப்பார்கள். பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற தேதி, திருமண நாள், பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருக்கும். அதை அப்படியே எழுதி, கடைசியில் "பக்தியுள்ளவர், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்" என்று சேர்த்துக் கொடுப்பார்கள். எண்பது வருட வாழ்க்கை மூன்று வரியில் முடிந்துவிடும்.

அவர் எதற்குப் பயந்தார், எதற்குச் சிரித்தார், எந்த ஜெபம் நிறைவேறாமல் போனது என்பதெல்லாம் அவரோடு மண்ணுக்குள் போய்விடும்.

தாய்மாரின் வாழ்க்கையை எழுத்தில் விட்டுச் சென்ற ஒரு குடும்பம் நம் தமிழ்நாட்டில் இருந்தது. சென்னையில் வாழ்ந்த சத்தியநாதன் குடும்பம். அவர்களைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

முதலில் அன்னாள் சத்தியநாதன். ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர்களில் ஒருவரான ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். கணவர் டபிள்யூ. டி. சத்தியநாதன் ஐயர், பாளையங்கோட்டையில் மாணவராக இருந்தபோது கிறிஸ்தவரானவர். 1860களில் இருவரும் சென்னைக்கு வந்தார்கள். ஐயர் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் ஊழியம் செய்தார். வெளியே வர முடியாத பெண்களுக்கு, அன்னாள் அம்மையார் வீடு வீடாகப் போய் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தினார். பிள்ளை வளர்ப்பைப் பற்றி 'நல்ல தாய்' என்று தமிழில் ஒரு புத்தகமும் எழுதினார். 1890இல் காலமானார்.

அவருடைய மகன் சாமுவேல், பிற்காலத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானவர். அவரை மணந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர் கிருபாபாய். 1862இல் அகமதுநகரில் பிறந்தவர். மருத்துவம் படிக்க 1878இல் சென்னைக்கு வந்தார். உடல்நிலை இடம் கொடுக்காததால் படிப்பைத் தொடர முடியவில்லை. பிறகு பேனாவை எடுத்தார். 'சகுணா' என்ற அவருடைய நாவல் 1887-88இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஏறக்குறைய அவருடைய சொந்தக் கதைதான் அது.

அந்தக் கதை சகுணாவின் தாய் ராதாவிடம்தான் தொடங்குகிறது. ராதா சிறு வயதிலேயே மணம் முடிக்கப்பட்ட பிராமணப் பெண். கணவர் கிறிஸ்தவரானபோது அவர் உடனே "ஆமென்" சொல்லிவிடவில்லை. தான் பிறந்து வளர்ந்த ஆசாரத்தையும் சொந்தபந்தங்களையும் விட மனமில்லாமல் தவித்தார். அழுதார், எதிர்த்தார். மெதுவாகத்தான் விசுவாசத்துக்குள் வந்தார். அந்தத் தவிப்பைக் கிருபாபாய் மறைக்கவில்லை. "என் அம்மா பிறவியிலேயே பக்தி" என்று பூச்சு பூசவும் இல்லை. அதனால்தான் நூறு வருஷம் கழித்துப் படித்தாலும் ராதா ஒரு மனுஷியாக நம் முன்னால் நிற்கிறார்.

கிருபாபாய் 1894இல், முப்பத்திரண்டு வயதில் காலமானார். பெற்ற ஒரே குழந்தையையும் அதற்கு முன்பே பறிகொடுத்திருந்தார்.

பின்பு சாமுவேல் மணந்துகொண்டவர் கமலா. ராஜமுந்திரியில் பிறந்தவர். தென்னிந்தியாவில் எம்.ஏ. பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். 1901இல் சென்னையிலிருந்து பெண்களுக்காக ஓர் ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். சரோஜினி நாயுடு அதில் எழுதினார். ரொக்கையா பேகத்தின் புகழ்பெற்ற 'சுல்தானாவின் கனவு' கதை 1905இல் அதில்தான் முதலில் அச்சானது. மறு ஆண்டே இடி விழுந்தது. வெளிநாடு போயிருந்த சாமுவேல் திரும்பும் வழியில் ஜப்பானில் இறந்துபோனார். கமலா சிறு பிள்ளைகளோடு தனியே நின்றார். பித்தாபுரம் ராணிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். இதழையும் கைவிடவில்லை. இடையில் சில வருடங்கள் நின்றாலும், 1938 வரை நடத்தினார்.

அந்தத் தாயின் வாழ்க்கையை மகள் பத்மினி சென்குப்தா ஒரு முழுப் புத்தகமாக எழுதி 1956இல் வெளியிட்டார். அதனால்தான் கமலாவை இன்றும் நாம் ஒரு தாயாகவும் அறிந்திருக்கிறோம்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "சார், அவர்கள் பேராசிரியர் குடும்பம், ஆங்கிலம் படித்தவர்கள். நம்ம திருப்பூர்க் கதைக்கு இது பொருந்துமா?"

நியாயமான கேள்வி. நம் தாய்மாரில் பலர் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டியவர்கள், கை மடித்தவர்கள், செக்கிங்கில் நாள் முழுக்க நின்றவர்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து உலை வைத்தவர்கள். என் அம்மாவும் அப்படித்தான். சனிக்கிழமை இரவு சம்பளக் கவர் வந்ததும் முதலில் காணிக்கையை எடுத்து வேதாகமத்துக்குள் வைப்பார். அடுத்து எங்கள் பள்ளிச் செலவு. அதற்கப்புறம்தான் மளிகைக் கடன். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் குடும்ப ஜெபம் நடக்கும். ஜெபத்தின் நடுவில் அவர் தூங்கி விழுந்த நாட்களும் உண்டு. அந்தத் தூக்கத்தையும் ஆண்டவர் ஜெபமாகவே கணக்கில் வைத்திருப்பார் என்பது என் நம்பிக்கை.

இந்த ஊரின் வரலாற்றைச் சொல்பவர்கள் எத்தனை கோடி ஏற்றுமதி என்று சொல்வார்கள். சபை வரலாற்றைச் சொல்பவர்கள் எந்த ஆயர் எந்த ஆண்டு ஆலயம் கட்டினார் என்று சொல்வார்கள். இரண்டிலும் இந்தப் பெண்கள் இல்லை. ஆனால் அந்தத் துணி அவர்கள் கை பட்டுத்தான் போனது. ஆலயம் கட்டிய பணத்திலும் அவர்கள் காணிக்கை இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அம்மா இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முதல் சம்பளம் எவ்வளவு? கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த அன்று என்ன நினைத்தீர்கள்? எந்தப் பாட்டு உங்களைத் தேற்றியது? கடவுள்மேல் கோபம் வந்தது உண்டா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ராதாவின் கதை நமக்குக் கற்றுத்தருவது அதைத்தான். எழுதத் தெரியாவிட்டால் செல்போனில் பேச்சைப் பதிந்து வையுங்கள், போதும்.

அம்மா மறைந்துவிட்டவர்கள் சித்தியிடம், அத்தையிடம், அம்மாவோடு வேலை பார்த்த அக்காமாரிடம் கேளுங்கள். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

எழுதியதைக் கருத்துப் பகுதியில் போடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, நான் மதிப்பெண் போடுவதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது.