பேர் விழாத நாள்

மலையகத் தோட்டங்களிலே ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். கொழுந்து நிறை குறைந்தால் அது 'அரைப்பேர்' ஆகிவிடும். பெரட்டுக்குப் போகாதவருக்குச் செக்ரோலில் பேர் விழாது. பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. காய்ச்சலோடு மலையேறும் தொழிலாளியை விளங்கிக்கொள்ள விரும்புவோர் இந்தச் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும்.

சுகமில்லாதவர் ஏன் வேலைக்குப் போகிறார் என்ற கேள்விக்கு அறியாமை என்றும் விசுவாசம் என்றும் இருவகை விடைகள் சொல்லப்படுவதுண்டு. எமது நாட்டுத் தோட்ட வரலாறோ இவ்விரண்டையும் ஒப்புக்கொள்வதாக இல்லை.

கோப்பிக் காலத்தில், தக்க காரணமின்றி வேலைக்கு வராதிருத்தல் குற்றமாகக் கருதப்பட்டது. 1865 ஆம் ஆண்டுத் தொழில் ஒப்பந்தச் சட்டம் அதற்குச் சிறைத்தண்டனையையும் விதித்திருந்தது. கடன் என்பது மற்றொரு விலங்கு. தொழிலாளி பட்ட கடனைக் குறித்த 'துண்டு' அவரைத் தோட்டத்துக்குத் தோட்டம் பின்தொடர்ந்தது. 1921 இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை, படுக்கையில் கிடந்த ஒவ்வொரு நாளும் அரிசிக் கணக்கை ஏற்றிக்கொண்டே போயிற்று.

நோயை ஆட்சியாளர் கவனிக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872 இலேயே தனிச் சட்டம் பிறந்தது. ஆஸ்பத்திரிகளும் மருந்துச்சாலைகளும் வந்தன. மருந்து வந்தது, ஆனால் ஓய்வுநாளின் சம்பளம் வரவில்லை.

கொழுக்கிப்புழுவின் கதை இதனை மேலும் தெளிவாக்கும். வெறுங்காலின் வழியே உடலில் நுழைந்து குடலிலிருந்து இரத்தத்தை உறிஞ்சும் இப்புழு ஆளைச் சட்டென்று படுக்கையில் வீழ்த்துவதில்லை. இரத்தசோகையோடு, மூச்சிரைக்க, கூடை சுமக்கவே விடுகிறது. இவ்வாறு தளர்ந்தவருக்குச் 'சோம்பேறி' என்ற பட்டமும் கிடைத்தது. 1916 இல் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் தோட்டங்களில் இதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கினர். சிகிச்சைக்குச் செலவாகும் நாளோ வேலை இழக்கும் நாளாகவே இருந்தது.

சட்டம் சிறிது சிறிதாக இளகியது. 1927 இல் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. 1939 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பேறுகாலத்துக்குக் கொடுப்பனவு கிடைத்தது. 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம், சுகயீனம் முதலிய காரணங்களுக்காக வருடத்துக்கு 7 நாள் சம்பளத்துடனான லீவை உறுதிசெய்தது. எனினும் அது கடைக்கும் காரியாலயத்துக்குமே உரியது. கணக்கெழுதும் கைக்குக் கிடைத்தது கொழுந்தெடுக்கும் கைக்குக் கிடைக்கவில்லை.

பிற்காலத்தில் தண்டனையின் இடத்துக்குப் 'படி' வந்தது. 2013 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி நாட்சம்பளம் 620 ரூபா. அதில் அடிப்படை 450, வரவுக் கொடுப்பனவு 140, தேயிலை விலைக்கான கொடுப்பனவு 30. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 சதவீதம் வந்தால்தான் அந்த 140 கிடைக்கும். மாதத்தில் 25 நாள் வேலை உண்டு எனக் கொண்டால் 19 நாள் போயாக வேண்டும். 18 நாள் போய்விட்ட ஒரு பெண்ணுக்கு 19 ஆவது நாளில் காய்ச்சல் வந்தால் அன்றைய 480 ரூபாவோடு, 19 நாளுக்குமான 2,660 ரூபாவும் கைநழுவும். அதாவது, ஏறக்குறைய ஏழு நாள் அடிப்படைச் சம்பளம்! இக்கணக்கைத் தெரிந்தவள் பனடோல் இரண்டை விழுங்கிவிட்டுக் கூடையை மாட்டிக்கொள்வதில் அறியாமை எங்கே இருக்கிறது?

2019 ஒப்பந்தத்தில் இக்கொடுப்பனவு நீக்கப்பட்டது. ஆயினும் 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,350 இலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்தியதோடு, அரசு வழங்கும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்த்தது. பணம் கூடியது வரவேற்கத்தக்கதே. ஆனால் வருகைக்கு விலை கூறும் ஏற்பாடு எதுவும், வர இயலாத நாளுக்கும் ஒரு விலை கூற வேண்டாமா?

1865 இல் சிறை செய்த வேலையைப் பின்னர் கொடுப்பனவு செய்தது. நோயின் செலவு மட்டும் இன்றுவரை நோயாளியின் பேரிலேயே எழுதப்படுகிறது.