வடசென்னையில் தொழிலும் கல்வியும்

முழுநேரக் கல்வி, பகுதிநேரக் கல்வி என்னும் பாகுபாடு இன்று பல்கலைக்கழக விதிகளில் இடம்பெற்றுள்ளது. இவ்விரண்டனுள் முன்னையது சிறந்தது, பின்னையது அதனிற் குறைந்தது என்னும் கருத்தும் கற்றோரிடையே பரவலாக உண்டு. இக்கருத்து வரலாற்றிற்குப் பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவ்வாராய்ச்சிக்கு நாம் நிலைக்களனாகக் கொள்வது இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரமாக நீண்டு, மேற்கே பெரம்பூர் ஆலைகளை ஒட்டிக் கிடக்கும் வடசென்னை நிலப்பகுதியாகும். தொழிலுக்குப் பெயர்பெற்ற இந்நிலம் கல்விக்கும் பழைய இடம் என்பது பலரும் கருதாதது.

அறக்கட்டளையும் முழுநேரக் கல்வியும்

திருவொற்றியூர்த் திருக்கோயிலில் வியாகரணதான வியாக்கியான மண்டபம் என்றொரு மண்டபம் இருந்தமையைக் கல்வெட்டு உணர்த்துகின்றது. பாணினிக்கு இறைவன் இலக்கணச் சூத்திரங்களை அருளிய இடம் இதுவே என்பது தலமரபு. மூன்றாங் குலோத்துங்கன் காலத்தில், கி. பி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இம்மண்டபத்தின் பேணுகைக்கு 65 வேலி நிலம் விடப்பட்டது. இலக்கணம் கற்பிக்கும் இடத்திற்கு நிலம் விட்ட செயல் ஒன்றைத் தெளிவாக்குகின்றது: கல்வி இடையறாது நடைபெற வேண்டுமாயின் அதன்பொருட்டு ஒரு வருவாய் ஒதுக்கப்பெறல் வேண்டும் என்று அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

ஒதுக்கீடு எவ்வாறு பகிரப்பட்டது என்பதை அறிய முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு துணைசெய்யும். அங்கு 270 இளமாணாக்கரும் 70 முதுமாணாக்கரும் பயின்றனர். 45 வேலி நிலம் அதற்கென அமைந்தது. இளமாணாக்கர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல்லும், முதுமாணாக்கர் ஒருவர்க்கு ஒரு குறுணி இருநாழி, அஃதாவது 10 நாழி நெல்லும் அளக்கப்பட்டன. இவற்றைக் கூட்டின் நாள்தோறும் 2,320 நாழி, அஃதாவது 24 கலம் 2 குறுணி நெல் ஆகும். கல்வி உயர உயர உதவியும் உயர்ந்தது என்பது இக்கணக்கால் விளங்கும். மேற்படிப்புக்கு வந்தோன் அகவை முதிர்ந்தோன். அவனைத் தொழிலும் குடும்பமும் ஈர்க்கும். அவ்வீர்ப்பைத் தடுக்கவே மிகுதியான நெல் அளக்கப்பட்டது எனக் கருதுதல் பொருந்தும்.

எனினும் இவ்வேற்பாட்டின் எல்லையையும் நாம் மறைத்தல் கூடாது. இந்நெல் வேதமும் வடமொழி இலக்கணமும் பயின்றோர்க்கே உரியது. வலை வீசியோரும் உப்பு விளைத்தோரும் அதனைப் பெற்றாரல்லர். முழுநேரக் கல்வி என்பது தொடக்கத்திலிருந்தே கற்போனது ஊக்கத்தை மட்டும் பொறுத்ததன்று. அவனுக்குச் சோறிடுவோர் யார் என்பதனையும் பொறுத்தது.

ஆலையும் அரைநேரக் கல்வியும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலத்தின் தோற்றம் மாறியது. 1856இல் இராயபுரத்தினின்று புகைவண்டி ஓடியது. 1876இல் பக்கிங்காம் ஆலையும், 1881இல் கர்னாடிக் ஆலையும் பெரம்பூர்ப் பகுதியில் எழுந்தன. ஆலைக்குச் சிறுவரும் சென்றனர். 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு அகவைச் சிறுவன் நாளொன்றுக்கு 9 மணி நேரம் உழைக்க இடந்தந்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்க அகவையை ஒன்பதாக்கி, நேரத்தை ஏழு மணியாகக் குறைத்தது. 1911இல் நெசவாலைச் சிறுவர்க்கு அது ஆறு மணியாயிற்று. இவ்வாறு பாதி நாள் உழைத்தோர் அரைநேரத்தார் எனப்பட்டனர்.

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. இங்கிலாந்தில் 1844ஆம் ஆண்டுச் சட்டம் சிறுவனது உழைப்பைக் குறைத்ததோடு அமையாது, நாள்தோறும் மூன்று மணி நேரம் அவன் பள்ளியில் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. இந்தியச் சட்டங்களோ உழைப்பைக் குறைத்தனவேயன்றிப் பள்ளியைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே மிஞ்சிய பாதி நாள் கல்விக்குரியதாதல் ஆலையாரின் விருப்பத்தைச் சார்ந்து நின்றது. பக்கிங்காம் கர்னாடிக் ஆலையார் தம் அரைநேரச் சிறுவர்க்குப் பள்ளி நடத்தினர். அது அக்காலத்தில் அரிய செயலே. அதனைப் பாராட்டுதல் முறை. ஆயினும் பாதி நாள் தறியின் ஓசையில் நின்ற பத்து அகவைச் சிறுவன் மறுபாதியில் எழுத்தை எவ்வளவு பற்றியிருப்பான்? பொழுது தனியே கல்வியாகாது. களைப்பற்ற பொழுதே கல்விக்கு உதவும்.

வளர்ந்த தொழிலாளர் நிலை இதனினும் கடியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நெசவாலையில் ஆடவர் 12 மணி நேரம் உழைக்கலாம். அத்தகைய நாளிலும் அவர் கேள்விச் செல்வத்தை நாடினர். பெரம்பூரில் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை சமயச் சொற்பொழிவுகளை நடத்தியது; ஆலைத் தொழிலாளர் அங்குக் கூடினர். அச்சபையைச் சார்ந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவும் தொழிலாளர் குறைகளைக் கேட்டறிந்தனர். அதன் பயனாக 1918 ஏப்பிரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவராயினார், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத் தலைவருள் ஒருவராயினார். கேட்டற்குக் கூடிய அவை, நேரத்தைக் குறைக்கக் கோரும் சங்கத்திற்கு வித்தாயிற்று. 1922இல் வாரத்திற்கு 60 மணி, 1934இல் 54 மணி, 1946இல் 48 மணி என உழைப்பின் எல்லை சுருங்கியது. தொழில்செய்வோன் மாலையில் நூலெடுத்துப் படிக்க இடம் பிறந்தது இக்குறைப்பினாலேயாம். மாலைக் கல்லூரிக்கும் அஞ்சல்வழிக் கல்விக்கும் முன்னோடி இப்போராட்டமே என்பது எம் கருத்து.

துறைமுகக் கணக்கர்

இனி, தொழிலும் கல்வியும் ஒருவரிடத்தே கூடிய நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். 1912 மார்ச்சு 1இல் போர்ட் டிரஸ்ட் என வழங்கிய சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய்த் திங்கட் சம்பளத்தில் ஓர் எழுத்தர் அமர்ந்தார். அவர் சீனிவாச இராமாநுசன். கும்பகோணத்திலும் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப். ஏ. தேர்வில் தவறியவர், பட்டம் பெறாதவர். அதற்கு முன் ஆர். இராமச்சந்திர ராவ் திங்கள்தோறும் 25 ரூபாய் அளித்து வந்தார். பிறர்க்குச் சுமையாதலை விரும்பாது இராமாநுசன் வேலை தேடினார்.

அலுவலகத்தில் அவருக்கு மேலிருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். இந்தியக் கணிதக் கழகத்தில் பொறுப்பு வகித்தவர். கழகத் தலைவர் சர் பிரான்சிசு சிபிரிங்கும் ஆதரவு காட்டினார். 1913 சனவரி 16இல் கேம்பிரிட்சு ஆர்டிக்கு எழுதிய மடலில் இராமாநுசன் தம்மைத் துறைமுகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்றே அறிமுகம் செய்துகொண்டார். அடுத்த திங்கள் எழுதியதிலோ வயிற்றுப்பாடே தம் முதற்கவலை என்னும் பொருள்படக் குறித்தார். அத்திங்களிலேயே வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்திற்கு வந்து அவர்தம் குறிப்புகளைக் கண்டு, பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரை எழுதினார். 1913 மே 1 முதல் இரண்டாண்டுக்குத் திங்கள் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி கிடைத்தது. முப்பது ரூபாய் எழுத்தர் முழுநேர ஆராய்ச்சியாளர் ஆயினார். 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

இந்நிகழ்ச்சியைக் காட்டி, 'வேலை பார்த்துக்கொண்டே இராமாநுசன் கணிதம் செய்யவில்லையா?' என வினவுவோர் உளர். அவர் கூற்று முடிவு பெறாதது. பதினான்கு திங்கள் மேசையில் அமர்ந்த அவரே விடுதலையைத்தான் வேண்டினார். அதனை வாங்கித் தரவே அவர் மேலோர் முயன்றனர். பேரறிவு படைத்தோனுக்கே பொழுது வேண்டியிருந்ததாயின், ஏனையோர்க்கு அது வேண்டாவெனல் எங்ஙனம்? மறுதலையாக, அவர் பட்டமற்ற எழுத்தர் என்று ஒதுக்கப்பட்டிருப்பின் விளைவு என்னாகும் என்பதும் எண்ணத்தக்கது. பகுதிநேரத்தான் தரங்குறைந்தவன் என்னும் கருத்தும், பகுதிநேரமே போதும் என்னும் கருத்தும் இவ்வொரு சான்றினாலேயே வீழ்கின்றன.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். கற்போனுக்கு உணவு உறுதியாதல் வேண்டும். இதனை எண்ணாயிரத்து நெல் காட்டியது. உழைப்பின் நேரத்திற்கு எல்லை வேண்டும். இதனைப் பெரம்பூர் ஆலைகளின் வரலாறு காட்டியது. தொழிலிடத்தில் கற்போனை அறிந்து கைகொடுப்பார் வேண்டும்; இதனைத் துறைமுக அலுவலகம் காட்டியது. இம்மூன்றும் கூடியவிடத்துப் பகுதிநேரக் கல்வியும் சிறக்கும். இவை இல்லாதவிடத்து முழுநேரக் கல்வியும் பெயரளவினதாகும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர்ப் பட்ட விதிகள் பகுதிநேர ஆய்வை ஏற்றுக்கொண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் அளிக்கப்படும் என்னும் சான்றிதழை வேலை தருவோரிடம் கோருகின்றன. விதியின் நோக்கம் சாலச் சிறந்தது. ஆனால் அச்சான்றிதழ் கையொப்பமிட்ட தாளாக நின்றுவிடின் பயனில்லை. 1913இல் துறைமுகத்தார் ஆதரவு தாளளவில் நில்லாமல் ஓர் ஆராய்ச்சியாளரை மேசையினின்று எழுப்பி அனுப்பியது. இன்று திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலைப் பணிமுறை முடிந்து மாலையில் நூலகம் தேடி வரும் மாணாக்கர் நம் துறைகளில் இடங்கேட்பாராயின், அவர்தம் தகுதியை வினவுமுன் அவர்க்குரிய பொழுதை யார் தருவர் என வினவுதல் நம் கடன்.