சீலிங்கைத் தாங்குவது ரிவெற் அல்ல: வீட்டுக்காரர் அறிந்திருக்க வேண்டியவை

வன்னியில் மீள்குடியேறிய பல குடும்பங்களுக்கு வீடு ஒரே தடவையில் வந்து சேரவில்லை. முதலில் அத்திவாரம், பிறகு சுவர், பிறகு கூரை. 2012 ஒக்டோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. வீட்டுக்காரரே பொருள் வாங்கி, ஆள் பிடித்துக் கட்டவேண்டிய முறை அது. கூரை ஏறியதே பெரிய காரியம் என்றிருந்த பல வீடுகளில் சீலிங் பல வருடங்கள் கழித்து, வெளிநாட்டுக் காசிலோ சீட்டுக் காசிலோதான் வந்தது. இன்னும் வராத வீடுகளும் உண்டு.

வீடுகள் பற்றி எழுதுவதற்காகக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்வரும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அத்திவாரத்துக்கு என்ன கலவை, வளைக்கு எத்தனை கம்பி என்று கேட்டால் அம்மாமார் சரளமாகச் சொல்வார்கள். சீலிங் பற்றிக் கேட்டால் மட்டும், "அதெல்லாம் பாஸ்தான் பார்த்தவர்" என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் வேலை மாபிளும் பெயின்றும். சீலிங் சட்டத்தைச் சுவரோடு பிடித்துவைக்கும் பொப் ரிவெற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலை பிழைத்தால் ஓடு தொங்குவதும் சட்டம் விலகுவதும் கட்டில்களுக்கு மேலேதான். ஆகவே கூலி கொடுப்பவரும் சொந்தமாகச் செய்பவரும் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எது எதைத் தாங்குகிறது

நான் இங்கே பேசுவது 2 அடிக்கு 2 அடி ஓடு வைக்கும் தொங்கு சீலிங் பற்றி. இதில் நான்கு உறுப்புகள் உண்டு. சுவரைச் சுற்றி அடிக்கும் எல் வடிவ அங்கிள், அறைக்குக் குறுக்கே ஓடும் பிரதான ரீ-பார், அவற்றுக்கு இடையே கொழுவும் சிறிய ரீ-பார், கூரை மரத்திலிருந்து இறங்கும் தொங்கு கம்பி.

12 அடிக்கு 10 அடி அறை ஒன்றுக்கு 30 ஓடுகள் வரும். ஒன்பதரை மில்லிமீற்றர் ஜிப்சம் ஓடு ஒன்று ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. மொத்தம் எழுபது கிலோவுக்கு மேல். இந்தப் பாரத்தைத் தாங்க வேண்டியவை தொங்கு கம்பிகள். ஓரத்து ஓடுகளின் பாரத்தில் ஒரு பங்கைச் சுவர் அங்கிள் ஏற்கும். ரிவெற்றின் வேலை வேறு: சட்டம் நகராமலும் ரீ-பாரின் நுனி அங்கிளைவிட்டு விலகாமலும் சதுரம் கோணாமலும் பிடித்துவைப்பது. சுருக்கமாகச் சொன்னால், கம்பி தாங்கும், ரிவெற் பிடிக்கும்.

கம்பிச் செலவை மிச்சம்பிடித்து "கூட ரிவெற் அடிச்சிருக்கு, பயப்பிடாதேங்கோ" என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். பாரம் ஏறும்போது அறுவது ரிவெற் அல்ல. அரை மில்லிமீற்றர்கூட இல்லாத ரீ-பார் தகடுதான் ரிவெற்றைச் சுற்றிக் கிழியும். பிரதான ரீ-பாருக்கு 4 அடிக்கு ஒரு தொங்கு கம்பி என்பது பொதுவான கணக்கு. கம்பி 12 கேஜ், நுனியை மூன்று சுற்றாவது இறுக்கி முறுக்கியிருக்க வேண்டும்.

ரிவெற் எப்படிப் பிடிக்கிறது

பொப் என்பது முதலில் ஒரு வணிகப் பெயர்; இன்று எல்லாக் கம்பனி ரிவெற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. தொப்பி வைத்த ஒரு சிறு குழாயும், அதன் நடுவே ஆணி போன்ற ஒரு தண்டும்தான் ரிவெற். தண்டின் குண்டுத்தலை குழாயின் மறுபக்கத்தில் இருக்கும். ரிவெற் கன் தண்டை இழுக்கும்போது குண்டுத்தலை குழாயைப் பிதுக்கி, இரண்டு தகடுகளையும் சேர்த்து நசுக்கும். போதிய இறுக்கம் வந்ததும் தண்டு தானாக 'டிக்' என்று உடையும்.

முழு வேலையும் கீழிருந்தே முடிந்துவிடும். ஓட்டுக்கு மேலே கை போகாத இடத்தில் இதுதான் வசதி. ஸ்குரூ ஆணியின் கூர் மேலே நீட்டிக்கொண்டு ஓட்டைத் தூக்கும். ரிவெற்றில் அந்தத் தொல்லை குறைவு.

எந்த ரிவெற்றைக் கேட்பது

ஹாட்வெயார் கடையில் "பொப் ரிவெற் ஒரு பெட்டி" என்று மட்டும் கேட்டால் கையில் கிடைத்ததைத் தருவார்கள். நான்கு விடயங்களைச் சொல்லிக் கேளுங்கள்.

முதலாவது விட்டம். வீட்டுச் சீலிங்குக்கு 3.2 மில்லிமீற்றர், அதாவது எட்டில் ஒரு அங்குலம், போதும். 4.8 போட்டால் உறுதி கூடும் என்று நினைப்பது தவறு. மெல்லிய தகட்டில் பெரிய துளை போட்டால் தகடுதான் பலவீனப்படும்.

இரண்டாவது நீளம். நீளம் கூடினால் பிடி கூடும் என்பதும் அப்படிப்பட்ட ஒரு நம்பிக்கைதான். ரீ-பாரும் அங்கிளும் சேர்ந்தாலே ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்டத்தான் வரும். 5 அல்லது 6 மில்லிமீற்றர் நீளமே தேவை. 10, 12 மில்லிமீற்றர் ரிவெற் சீராக நசுங்காது. மறுபக்கம் கோணலாகப் பிதுங்கித் தொப்பி ஆடும். எந்தத் தடிப்புக்கு ஏற்றது என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் அதைப் பாருங்கள். சில பெட்டிகளில் 42, 43, 64 போன்ற இலக்கம் மட்டும் இருக்கும். முதல் இலக்கம் விட்டம், அங்குலத்தின் முப்பத்திரண்டில் பங்காக. இரண்டாவது பிடிக்கக்கூடிய அதிகூடிய தடிப்பு, பதினாறில் பங்காக. ஆகவே 42 என்றால் 3.2 மில்லிமீற்றர் விட்டம், அதிகூடிய தடிப்பு 3.2 மில்லிமீற்றர். சீலிங்குக்கு அதுவே பொருத்தம். 64 என்பது 4.8 மில்லிமீற்றர் விட்டம். இந்த வேலைக்கு வேண்டாம்.

மூன்றாவது உலோகம். கடைகளில் வழமையாகக் கிடைப்பது அலுமினியக் குழாயும் இரும்புத் தண்டும் உள்ளது. உள்ளறைகளுக்கு அது போதும். நாகம் பூசிய தகட்டோடும் அலுமினியம் ஒத்துப்போகும். ஆனால் தண்டு உடைந்த பிறகு அதன் ஒரு துண்டு குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். முல்லைத்தீவு, பருத்தித்துறை போன்ற உப்புக்காற்று வீசும் கரையோரங்களில் அந்தத் துண்டு கறள் பிடித்து வெள்ளைச் சட்டத்தில் மண்ணிறக் கறையாக வடியும். கரையோர வீட்டின் விறாந்தைக்கும் குளியலறைக்கும் தண்டும் அலுமினியமாக உள்ள ரிவெற்றைக் கேளுங்கள். அதன் பலம் சற்றுக் குறைவு. இங்கே பாரம் கம்பியில் இருப்பதால் அது குறையாகாது. கண்டறிய எளிய வழி காந்தம்: தண்டு ஒட்டினால் இரும்பு.

நான்காவது தொப்பி. சாதாரண வட்டத் தொப்பியே சரி. தகட்டுக்குள் அமிழும் தட்டைத் தொப்பி மெல்லிய தகட்டுக்கு ஆகாது. பி.வி.சி போன்ற மெதுவான பொருளைப் பிடிக்கும் இடத்தில் மட்டும் அகலத் தொப்பி தேவை. வெள்ளை பூசிய தொப்பி கிடைத்தால் சட்டத்தோடு மறைந்துவிடும்.

எத்தனை ரிவெற் வேண்டும் என்ற கணக்கும் எளிது. மேலே சொன்ன அறையில் ரீ-பார்கள் சுவரைத் தொடும் நுனிகள் 18. அங்கிள் மூலைகள் 4. மொத்தம் 22. பழுதாகிப்போவதற்குச் சேர்த்து 30 போதும். 30 ரிவெற்றில் நல்லதற்கும் மலிவானதற்கும் உள்ள விலை வித்தியாசம், திரும்ப ஆள் கூப்பிடும் ஒரு நாள் கூலிக்குக் கிட்டவும் வராது.

அடிப்பதற்கு முன்னர்

முதலில் சுவர். ஷெல்பட்டு, பிறகு பூசித் திருத்திய பழைய வீடுகளில் இது மிக முக்கியம். அங்கிள் ஓடும் உயரத்தில் சுவரைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்தில் பூச்சு கல்லைவிட்டுக் கழன்றிருக்கிறது. அங்கே ஆணி அடித்தால் அது பூச்சை மட்டும்தான் பிடிக்கும். அந்த இடத்தைத் தவிர்த்துப் பக்கத்தில் கல்லுக்குள் போகும்படி துளைத்து, பிளக் வைத்து ஸ்குரூ ஆணி முறுக்க வேண்டும். அங்கிள் சுவரில் இறுகாவிட்டால் எந்த ரிவெற்றாலும் பயனில்லை.

அடுத்தது கூரை. அஸ்பெஸ்ரஸ் கூரையானால் தொங்கு கம்பிக்காகச் சீற்றில் துளை போடவே கூடாது. அஸ்பெஸ்ரஸின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. துளைக்கும்போதும் அறுக்கும்போதும் அதன் தூசு கிளம்பும். கம்பி எப்போதும் மரத்திலிருந்தே இறங்க வேண்டும்.

மூன்றாவது மட்டமும் சதுரமும். நீர்க்குழாயால் மட்டம் பார்த்த பிறகு, ஒவ்வொரு சதுரத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். 2 அடிச் சதுரத்தில் மூலைவிட்டம் 34 அங்குலத்துக்கு மயிரிழை குறைவு. இரண்டும் சமமாக வந்தால் மட்டுமே ரிவெற். முதலில் அடித்துவிட்டுப் பிறகு சதுரம் பார்த்தால் ஓடு இறங்காது. சிலர் அப்போது ஓட்டைச் சீவுவார்கள். ஓரத்தில் இல்லாமல் நடு அறையில் சீவிய ஓட்டைக் கண்டால், பிழை சட்டத்தில் என்று அறிந்துகொள்ளலாம்.

அடிக்கும் முறை

3.2 ரிவெற்றுக்கு 3.3 மில்லிமீற்றர் ட்ரில் பிற். துளை பெரிதானால் ரிவெற் ஆடும். இரண்டு தகடுகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் துளைக்க வேண்டும். துளை தகட்டின் விளிம்பிலிருந்து ரிவெற் விட்டத்தின் இரண்டு மடங்காவது, அதாவது 6.5 மில்லிமீற்றர், உள்ளே இருக்க வேண்டும். துளையைச் சுற்றியுள்ள பிசிறைச் சுரண்டி எடுத்துவிட்டு ரிவெற்றை நுழையுங்கள். தொப்பி தகட்டோடு ஒட்டி இருக்கும்படி கன்னை நேராக அழுத்திப் பிடித்து இழுங்கள். சரித்து இழுத்தால் தொப்பியின் ஒரு பக்கம் தூக்கி நிற்கும்.

கண்ணாடி இல்லாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது. மேலே பார்த்துத் துளைக்கும்போது இரும்புத்தூள் நேரே கண்ணுக்குள்தான் விழும். உடைந்து விழும் தண்டுகள் கூரானவை. வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் அவற்றை அன்றன்றே பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

கையில் காயப்பட்டவர்களும் பிடிபலம் குறைந்தவர்களும் சாதாரண கையமுக்குக் கன்னோடு நாள் முழுவதும் வேலை செய்வது கடினம். கத்தரிபோல் மடங்கி விரியும் நீள்கைக் கருவியில் விரல் பலம் தேவையில்லை, உடம்பால் தள்ளினால் போதும். பற்றரி ட்ரில்லில் பொருத்தி ரிவெற் இழுக்கும் இணைப்பும் உண்டு. போரில் காயப்பட்ட ஒருவருக்குத் தொழில் உபகரணம் வழங்க முன்வருபவர்கள் இதையும் கேட்டறிந்து கொடுக்கலாம்.

பிழைத்த ரிவெற்றைக் கழற்றுவதும் கடினமல்ல. தொப்பியின் நடுவில் அதே பிற்றால் துளைத்தால் தொப்பி கழரும், மிச்சத்தைத் தட்டிவிடலாம். துளை பெருத்துவிட்டால் 4.0 மில்லிமீற்றர் ரிவெற்றை 4.1 பிற்றோடு பயன்படுத்துங்கள். அல்லது ஓர் அங்குலம் தள்ளிப் புதுத் துளை போடுங்கள்.

கடைசிக் காசு கொடுக்கும் முன்னர்

கணவனை இழந்த, அல்லது காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருக்கும் பெண்கள் பலர் இன்று தனியே வீட்டு வேலைகளை ஒப்பந்தம் பேசுகிறார்கள். "உங்களுக்கு விளங்காது அக்கா" என்ற பதிலோடு அவர்களின் கேள்விகள் முடிந்துவிடுகின்றன. ஏணி ஒன்றும் ரோச் ஒன்றும் இருந்தால் பின்வருவனவற்றை யாரும் பார்க்கலாம்.

- இரண்டு மூன்று ஓடுகளைத் தூக்கி மேலே பாருங்கள். பிரதான ரீ-பாரில் 4 அடிக்கு ஒரு கம்பி இருக்கிறதா? அது மரத்தில் கட்டியிருக்கிறதா?
- ரிவெற் தொப்பியை நகத்தால் தள்ளிப் பாருங்கள். சுற்றினாலோ ஆடினாலோ அது பிடிக்கவில்லை.
- சுவரோரம் ரீ-பார் நுனியை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அங்கிளைவிட்டு வழுக்கக் கூடாது.
- லைற் பெட்டிகளுக்குத் தனிக் கம்பி இருக்கிறதா?
- மின்விசிறி கூரை வளையிலிருந்து நேரே தொங்குகிறதா? சீலிங் சட்டத்தில் மின்விசிறி மாட்டியிருந்தால் அன்றே கழற்றச் சொல்லுங்கள்.

இவற்றைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். வேலை செய்தவரை அவமதிக்கும் காரியமும் அல்ல. நல்ல பாஸ்மார் கேட்காமலே ஓட்டைத் தூக்கிக் காட்டுவார்கள். காட்ட மறுப்பவருக்குக் கடைசிக் காசைப் பிடித்துவைக்க உங்களுக்கு உரிமை உண்டு.