பார்க்கிறவன் கையெழுத்து

மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி இரண்டு புகார்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. ஒன்று, அது வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போகிறது. ஒரு கடிதம் அடிக்க ஒரு பட்டறையே ஓடவேண்டியிருக்கிறது. மற்றொன்று, அது நம்மைக் கவனிக்கிறது. எதைத் திறந்தோம், எவ்வளவு நேரம் வைத்திருந்தோம் என்று எங்கோ சொல்லிக்கொண்டிருக்கிறது. முதல் புகாரைச் சொல்பவர்கள் தொழில் தெரிந்தவர்கள் என்றும் இரண்டாவதைச் சொல்பவர்கள் சந்தேகப் பிராணிகள் என்றும் ஒரு பாகுபாடு நடைமுறையில் உண்டு. சரித்திரத்தைப் பார்த்தால் இந்தப் பாகுபாடு நிற்காது. இரண்டும் ஒரே மாற்றத்தின் விளைவுகள். அந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள, கம்ப்யூட்டரிலிருந்து தொடங்குவதைவிடக் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குவது உசிதம். ஒருவனுடைய அந்தரங்கத்தை இன்னொருவன் பார்க்க நேர்கிறபோது, யார் யாருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள்? கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

நான் வங்கிக் குமாஸ்தா. என் தொழிலில் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கிறது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் தேசியமயமாயின. அந்தக் கையகப்படுத்தலுக்கான 1970ஆம் வருஷத்துச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வாடிக்கையாளரின் விவகாரங்களைச் சட்டமோ வங்கித் தொழிலின் வழக்கமோ கோரினாலொழிய வெளியிடக் கூடாது என்கிறது. டைரக்டரிலிருந்து கடைசி ஊழியன் வரை, பொறுப்பேற்பதற்கு முன்பே, விசுவாசத்துக்கும் ரகசியத்துக்குமான உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். அதன் வாசகம் அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. வாடிக்கையாளரும் வங்கியில் மாதிரிக் கையெழுத்துத் தருகிறார். அது அவர் பணத்தை வேறொருவன் எடுத்துவிடாமல் இருப்பதற்காக. அவருடைய கணக்கை நான் பார்க்கலாம் என்பதற்காக அவர் எதிலும் கையெழுத்திடுவதில்லை. பார்க்கிற நான்தான் கையெழுத்திட்டிருக்கிறேன்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு வழக்கு உண்டு. இங்கிலாந்தில் டூர்னியர் என்பவர் வங்கிக்குக் கொஞ்சம் கடன்பட்டிருந்தார். அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு மானேஜர் டெலிபோன் செய்து, ஆள் குதிரைப் பந்தயத் தரகர்களோடு வரவுசெலவு வைத்திருக்கிறார் என்று தெரிவித்துவிட்டார். டூர்னியரின் வேலை நீடிக்கவில்லை. 1924இல் அப்பீல் கோர்ட், வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பது வங்கியின் சட்டக் கடமை என்று சொல்லி, நான்கு விதிவிலக்குகளை மட்டும் அனுமதித்தது. சட்டத்தின் நிர்ப்பந்தம், பொதுமக்களுக்கான கடமை, வங்கியின் சொந்த நலன், கடைசியாக, வாடிக்கையாளரின் சம்மதம். நான்கில் மிகவும் நிரபராதமாகத் தோன்றுவது நான்காவதுதான். பிற்காலத்தில் வேறொரு தொழில் அந்த நான்காவது ஓட்டை வழியாகவே உள்ளே நுழைந்தது.

வெள்ளைக்காரன் கோர்ட்டுக்குப் போகாமலேயே இந்த நியாயம் விருதுநகருக்குத் தெரியும். மண்ணில் பெரிதாக விளைச்சல் இல்லாத ஊர். மிளகாய்க்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் விலை சொல்லிப் பெயர் வாங்கிய ஊர். விலை சொல்கிறவனுக்குக் கணக்குதான் உயிர்நிலை. குறிப்பேட்டையும் பேரேட்டையும் எழுதிய கணக்கப்பிள்ளை முதலாளியின் நஷ்டத்தை முதலாளியின் வீட்டாருக்கும் முன்னால் அறிந்தவர். வெளியே வாய் திறந்தால் இன்னொரு கடையில் அவருக்கு உட்கார இடம் கிடைக்காது. பற்றுக்கும் வரவுக்கும் மேற்படிக்கும் அவர் போட்ட சுழிகள் வெளியாளுக்கு எளிதில் விளங்காதவை. அந்தக் குறிகள் 2003இல் யூனிகோடின் 4.0 பதிப்பில் இடம் பெற்றன; அவற்றைக் கையால் எழுதத் தெரிந்த தலைமுறை அதற்குள் அநேகமாக ஓய்ந்திருந்தது.

அதே ஊரில் வியாபாரி தன் கணக்கின் ஒரு பகுதியைப் பொதுவில் சொல்லவேண்டியும் இருந்தது. உறவின்முறைக்குச் செலுத்தும் மகமை, சரக்கின் அளவைப் பொறுத்தது. இப்படிச் சேர்ந்த பணத்திலிருந்துதான் 1889இல் க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது. மகமைக்குத் தேவைப்பட்டது எத்தனை மூட்டை என்கிற எண். யாரிடம் வாங்கினான், என்ன லாபம் வைத்தான், யாருக்குக் கடன் கொடுத்தான் என்பவை அந்தக் காரியத்துக்கு வேண்டாதவை. காரியத்துக்கு வேண்டிய அளவே கேட்பது, கேட்டதைக் கேட்ட காரியத்துக்கே செலவிடுவது: இந்த இரண்டையும் இன்று உலகமெங்கும் சட்டப் புத்தகங்களில் புதுக் கண்டுபிடிப்புப் போல எழுதுகிறார்கள்.

விருதுநகருக்குத் தெற்கே சிவகாசியில் இந்த நியாயம் இன்னும் சமீபத்தில் ஒருமுறை வெளிப்பட்டது. பட்டாசுத் தொழிலில் ரகசியம் என்பது மருந்துக் கலவை. உச்சநீதிமன்றம் 2018 அக்டோபரில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபின், நாகபுரியில் இருக்கும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் மாசு குறைந்த பசுமைப் பட்டாசுக்கான கலவைகளைத் தயாரித்தது. அவற்றைப் பெற விரும்பிய உற்பத்தியாளர்கள் வெளியிடாமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கலவையை அறிந்துகொள்ளப் போகிறவன் அதை வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கிறான். புஸ்வாணத்துக்குக் கிடைத்திருக்கும் இந்த மரியாதை, அதன் பெட்டிக்கு லேபிள் வரைகிற அச்சகத் தொழிலாளியின் கம்ப்யூட்டருக்குக் கிடைத்திருக்கிறதா என்றால், இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு மென்பொருள் விற்கத் தொடங்கிய காலத்துக்குப் போகவேண்டும். வங்கிகள் தேசியமயமாவதற்கு ஒரு மாதம் முன்பு, 1969 ஜூன் 23 அன்று, ஐ.பி.எம். நிறுவனம் யந்திரத்துக்கு ஒரு விலை, மென்பொருளுக்கு வேறு விலை என்று பிரித்து அறிவித்தது. அதுவரை யந்திரத்தோடு சேர்ந்தே வந்த ஒரு பொருள் தனிச் சரக்காயிற்று. சரக்கு என்றால் திருட்டும் உண்டு. 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் எழுதிய பகிரங்கக் கடிதம், பொழுதுபோக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் தன் நிரலைப் பிரதியெடுத்துக் கொள்வதைத் திருட்டு என்றே சொன்னது. இந்தப் பயத்தில் உருவானதுதான் மென்பொருள் உரிமப் பத்திரம். வாங்கியவன் பிரதி எடுக்கமாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இதுவரை அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கும் பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவன்தான் உறுதி தருகிறான்.

ஆனால் அந்தப் பத்திரத்தை வாங்குபவன் படித்துப் பேரம் பேசி ஒப்புக்கொள்வதில்லை. பெட்டியைப் பிரித்ததே ஒப்புதல் என்று வைத்தார்கள். 1996இல் அமெரிக்க அப்பீல் கோர்ட் ஒன்று ப்ரோ-ஸி.டி. வழக்கில் இதைச் செல்லுபடியாக்கியது. வழக்கில் இருந்த சரக்கு, டெலிபோன் டைரக்டரிகளைத் தொகுத்த ஒரு குறுந்தகடு என்பது கவனிக்கத்தக்கது. ஊரார் பெயரும் முகவரியும் அடங்கிய தகட்டைப் பற்றிய வழக்கில், தகட்டைத் தயாரித்தவனின் உரிமை காப்பாற்றப்பட்டது. பெயருக்கு உரியவர்கள் அதில் கட்சிக்காரர்களே அல்ல. படிக்காமல் தரும் சம்மதம் சட்டத்தில் நிற்கும் என்று ஆகிவிட்டது. இனி அந்தச் சம்மதத்துக்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். டூர்னியர் வழக்கின் நான்காவது விதிவிலக்கு, விதியையே விழுங்க இவ்வளவுதான் தேவைப்பட்டது.

இணையம் வந்ததும் பத்திரத்தின் உள்ளடக்கம் மாறியது. பிரதி எடுக்காதே என்று தொடங்கியது, உன்னைப் பார்த்துக்கொள்ள அனுமதி கொடு என்று வந்து முடிந்தது. 2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10, எந்தெந்தச் செயலிகள் நிறுவப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் செலவாகிறது என்பதைக்கூடச் சேகரித்தது. பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2016 ஜூலையில் இதை மிகையான சேகரிப்பு என்று நோட்டீஸ் விட்டது. மைக்ரோஸாஃப்ட் குறைத்துக்கொண்டபின், 2017 ஜூனில்தான் விவகாரம் முடிந்தது. 2024 மே 20 அன்று அதே நிறுவனம் ‘ரீகால்’ என்ற வசதியை அறிவித்தது. திரையில் தெரிவதைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை படமெடுத்து, பிறகு தேடிக்கொள்ளச் சேமித்துவைக்கும் வசதி. எதிர்ப்பு கிளம்பியபின் அது தள்ளிப்போயிற்று; சங்கேதமாக்கும் பாதுகாப்புடன், விரும்புகிறவர்களுக்கு மட்டும் என்ற திருத்தத்துடன் 2025இல் வந்தது. 2024 ஜூனில் அடோபி நிறுவனம் புதுப்பித்த நிபந்தனைகளை ஒப்புக்கொள்ளும்படி வடிவமைப்பாளர்களிடம் கேட்டபோது, தங்கள் படைப்புகளுக்குள் கம்பெனி நுழையுமோ என்று உலகெங்கும் கூச்சல் எழுந்தது. வாடிக்கையாளரின் படைப்பைக்கொண்டு தன் செயற்கை அறிவைப் பயிற்றுவிக்கமாட்டோம் என்று அடோபி எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டிவந்தது. இந்தச் சம்பவங்களில் எல்லாம் முதலில் நடந்தது எடுத்துக்கொள்ளல்; பின்னால்தான் உறுதிமொழி, அதுவும் கேட்டபிறகு.

இனி முதல் புகாருக்கு வரலாம். விண்டோஸ் 95க்குக் குறைந்தபட்சம் 4 எம்.பி. நினைவகம் போதும் என்றார்கள். விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜி.பி. வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் மடங்கு. கடிதம் ஆயிரம் மடங்கு நீண்டுவிடவில்லை. பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த், 1995லேயே மெலிந்த மென்பொருளுக்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். யந்திரம் வேகம் பெறுவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்று சுட்டிக்காட்டி, வேண்டிய வசதி வேண்டாத வசதி என்று தரம் பிரிக்காமல் சேர்த்துக்கொண்டே போவதைக் குற்றம் சொன்னார். அதன்பிறகு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. கனம் முழுவதும் உளவு அல்ல. படங்கள், உலக மொழிகளின் எழுத்துக்கள், பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். ஆனால் வாங்கியவன் கேட்காமலே பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பவற்றில் கணிசமானவை விற்றவனுக்காக ஓடுகின்றன: அளப்பதற்கு, விளம்பரத்துக்கு, சந்தா வசூலுக்கு. குடித்தனக்காரன் வாடகை கொடுக்கும் வீட்டில் சொந்தக்காரன் தன் சாமான்களைக் கொண்டுவந்து அடுக்குவதைப் போன்றது இது. வீடு சுருங்குவதும் சொந்தக்காரன் எந்நேரமும் வந்துபோவதும் வேறு வேறு தொல்லைகள் அல்ல.

ஒரு பலமான மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தமிழ் அச்சகங்கள் பலவற்றில் பழைய எழுத்துருக்களுக்காகப் பேஜ்மேக்கரை விடாமல் வைத்திருந்தார்கள். 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பதிப்பு. அதற்காகவே ஒரு பழைய யந்திரம், இணைய இணைப்பு இல்லாமல் ஒரு மூலையில் ஓடும். யாரையும் பார்க்காது, யாருக்கும் எதையும் சொல்லாது. இதைக் கண்டு பழைய காலமே பொற்காலம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நாசநிரல் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டபோது, விழுந்தவை பெரும்பாலும் புதுப்பிக்காமல் விடப்பட்ட விண்டோஸ் யந்திரங்கள்தான். ஓட்டையை அடைக்கும் திருத்தம் அந்த மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. இணைப்பில் இருக்கும் யந்திரத்துக்குப் புதுப்பித்தல் அவசியம். காவல்காரன் வருகிற அதே கதவு வழியாக ஒற்றனும் வருகிறான் என்பதுதான் நம் காலத்தின் சங்கடம். கதவைச் சாத்துவது தீர்வாகாது. வருகிறவன் யார் என்று வீட்டுக்காரனுக்குத் தெரியவேண்டும்.

1983 செப்டம்பரில் இரண்டு காரியங்கள் நடந்தன. 8ஆம் தேதி, வங்கிகளில் கம்ப்யூட்டரைக் கொண்டுவருவது பற்றி வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் உடன்படிக்கை செய்துகொண்டன. எங்கள் முன்னோடிகள் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானதே. யந்திரம் எந்த உறுதிமொழியில் கையெழுத்திடும் என்ற கேள்வி பேச்சின் மையத்துக்கு வரவில்லை. 27ஆம் தேதி, அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் மூலநிரலைத் திறந்து பார்க்கவும் மாற்றவும் கூடிய ஒரு மென்பொருள் அமைப்பைச் செய்யப்போவதாக அறிவித்தார். பார்க்கப்படுகிறவன் பார்க்கிறவனைத் திரும்பிப் பார்க்க வழி செய்தது அந்த அறிவிப்பு. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம், உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் இருந்தது. திறந்த கதவு பக்கத்திலேயே இருந்தும், பழகிய கதவு வழியாகவே பெரும்பாலோர் போய்வந்தார்கள். தமிழ்நாட்டில் இதைக் கட்சி அரசியலாகவோ கலாச்சாரப் பிரச்னையாகவோ யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறிவுஜீவிகள் இதை மெக்கானிக் விவகாரமாக நினைத்தார்கள்.

சட்டம் பிந்தி வந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2023ஆம் வருஷத்துத் தகவல் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் சுதந்திரமானதாக, நிபந்தனையற்றதாக, குறிப்பிட்ட காரியத்துக்கு வேண்டிய தகவலோடு நிற்பதாக இருக்கவேண்டும் என்கிறது. மருத்துவ ஆலோசனைக்கான செயலி ஒன்று நோயாளியின் டெலிபோன் விலாசப் பட்டியலையும் கேட்டு வாங்கினால், அந்தச் சம்மதம் செல்லாது என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. மகமைக்கு மூட்டை எண் போதும் என்ற பழைய நியாயம், டில்லி வழியாகச் சுற்றித் திரும்பி வந்திருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. அரசாங்கம் தனக்கென்று வைத்துக்கொண்ட விலக்குகளோ தாராளமானவை. வங்கிக் குமாஸ்தாவைக் கட்டியது வேலைக்கு முந்தைய கையெழுத்து. மென்பொருள் கம்பெனியைக் கட்டுவதாகச் சொல்வது குற்றத்துக்குப் பிந்தைய அபராதம்.

இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்கள் பெரும்பாலும் எழுதுகிறவர்கள். மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம் என்ற வாதம் நம்மிடம் செல்லாது. எழுதுகிறவனுக்கு மறைக்க நிறைய இருக்கிறது: தோற்றுப்போன வரிகள், தப்பாகப் புரிந்துகொண்ட முதல் பிரதி, இன்னொருவரைப் பற்றி எழுதிவிட்டு அச்சுக்குக் கொடுக்காமல் வைத்த பக்கம். தாளில் எழுதியபோது இவற்றைக் கிழித்துப்போட்டோம், கிழித்தது கிழிந்தது. அச்சுக்குக் கொடுத்ததற்கு மட்டுமே பொறுப்பு என்ற எழுத்தாளனின் சுதந்திரம், கிழிக்க முடிந்த அந்தத் தாளின்மேல்தான் நின்றது. சில விநாடிகளுக்கு ஒருமுறை படமெடுக்கும் யந்திரத்தில் கிழித்தல் என்ற செயலே சந்தேகத்துக்குரியதாகிறது. கணக்கப்பிள்ளையிடமும் குமாஸ்தாவிடமும் நாம் கேட்டு வாங்கிய வாக்கை இந்த யந்திரத்தைச் செய்கிறவனிடம் கேட்கவில்லை. அவன் நீட்டிய பத்திரத்தில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அமுக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போனோம். அவன் கையெழுத்திட வேண்டிய இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.