பேராக் ஈயப் பணத்தில் கட்டிய போர்க்கப்பல்: மாதிரிக்குச் சரியான சாம்பல் நிறம் எது?

லகாட்டிலிருந்து பத்து காஜா செல்லும் வட்டாரத்தில் நாம் பார்க்கும் குளங்களில் பல, ஈய லம்பங்கள் விட்டுச் சென்ற பள்ளங்கள். அந்த ஈயத்துக்கு வசூலித்த வரி ரயில் பாதையாகவும் சாலையாகவும் மாறியது நமக்குத் தெரியும். அதில் ஒரு பங்கு 15 அங்குலப் பீரங்கிகள் எட்டைத் தாங்கிய ஒரு போர்க்கப்பலாகவும் மாறியது. அதன் பெயர் எச்.எம்.எஸ். மலாயா.

அந்தக் கப்பல் இன்று இல்லை. 1948ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் அதை உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள். இனி அதை முழு உருவமாகப் பார்க்க வேண்டுமென்றால் மாதிரியாகத்தான் பார்க்க முடியும். சுமார் 197 மீட்டர் நீளமிருந்த கப்பல், 700இல் ஒரு பங்கு அளவில் 28 சென்டிமீட்டராகச் சுருங்கி நம் வீட்டு அலமாரியில் அடங்கிவிடும். துண்டுகளைப் பொறுமையாக ஒட்டிவிடலாம். வண்ணம் பூச உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. போர்க்கப்பல் என்றால் சாம்பல் நிறம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எந்தச் சாம்பல்?

யார் கொடுத்த பணம்?

1912ஆம் ஆண்டு, பேராக் சுல்தான் இட்ரிஸின் யோசனையின் பேரில், பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு, பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பல் தர முன்வந்தது. தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அதே சுல்தான்தான் இவர். கப்பலுக்கான செலவு ஏறக்குறைய 29 லட்சம் பவுன். அக்காலத்தில் அரசின் பெரிய வருமானம் ஈய ஏற்றுமதி வரி. ரப்பர் வருமானமும் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. லம்பத்தில் சீனத் தொழிலாளர்களும், தோட்டத்தில் பால் மரம் சீவிய தமிழர்களும் உழைத்த உழைப்பு அந்த வருமானத்துக்குள் இருக்கிறது. கப்பல் வேண்டுமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

1915 மார்ச் மாதம் இங்கிலாந்தின் நியூகாசலில் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. சுல்தான் இட்ரிஸ் 1916 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டு மே 31ஆம் தேதி ஜட்லாண்ட் கடற்போரில் மலாயா மீது எட்டுக் குண்டுகள் விழுந்தன. 60க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர்.

முதலில் ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்

மாதிரிக் கப்பல் செய்பவர் முதலில் எடுக்க வேண்டியது தூரிகை அல்ல, ஆண்டுக் குறிப்பு. ஒரே கப்பல் முப்பது ஆண்டுகளில் பல தோற்றங்களை எடுக்கிறது.

ஜட்லாண்ட் போரின்போது மலாயாவுக்கு இரண்டு புகைபோக்கிகள். 1922 நவம்பரில் ஒட்டோமான் பேரரசின் கடைசி சுல்தான் ஆறாம் மெஹ்மெட் இஸ்தான்புலை விட்டு வெளியேறியதும் இதே கப்பலில்தான். அப்போதும் இரண்டு புகைபோக்கிகளே இருந்தன. 1920களின் இறுதியில் நடந்த சீரமைப்பில்தான் இரண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டன. 1930களில் விமானக் கொட்டகை சேர்ந்தது. ஆகவே ஒற்றைப் புகைபோக்கி வைத்த மாதிரியில் 1916ஆம் ஆண்டு என்று எழுதி வைத்தால், வண்ணம் சரியாக இருந்தாலும் அது தவறான கப்பல்.

1916ஆம் ஆண்டுக் கப்பலைச் செய்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஜட்லாண்டில் மலாயா நம் கூட்டு மாநிலங்களின் கொடியையும் பறக்கவிட்டது. வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு எனக் குறுக்கே நான்கு பட்டைகள், நடுவில் பாயும் புலி.

சாம்பலிலும் பல சாம்பல்

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் கடற்படையின் முக்கியச் சாம்பல் வண்ணங்களுக்கு 507 என்ற எண் இருந்தது. 507ஏ அடர்ந்த சாம்பல். இது வடகடல், அட்லாண்டிக் பகுதிக் கப்பல்களுக்கு. 507சி வெளிறிய சாம்பல். இது வெயில் மிகுந்த மத்தியதரைக் கடலுக்கும் வெப்ப நாடுகளுக்கும். மங்கிய வடகடல் வெளிச்சத்தில் அடர்ந்த நிறமும், பளீரென்ற வெயிலில் வெளிறிய நிறமும் பின்னணியோடு சேர்ந்துவிடும் என்பதே கணக்கு.

இரண்டுக்கும் நடுவே 507பி என்று ஒரு சாம்பல் இருந்ததாக மாதிரி செய்பவர்கள் நெடுங்காலம் நம்பி வந்தார்கள். அண்மை ஆண்டுகளில் பழைய கடற்படை ஆணைகளையும் வண்ணக் கலவைக் குறிப்புகளையும் புரட்டிய சிலர், 507ஏவும் 507பியும் ஒரே நிறம்தான், பளபளப்புக்காகச் சேர்த்த பொருளில்தான் வேறுபாடு என்று வாதிடுகிறார்கள். இந்த வண்ணங்களில் நீலம் கலந்த கறுப்புப் பசையும் வெள்ளையும் சேர்ந்திருந்தன. அதனால் அவற்றில் லேசான நீலச் சாயல் உண்டு. கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்து பூசினால் அந்தச் சாயல் வராது.

திட்டுத் திட்டாக ஏன் பூசினார்கள்?

உருமறைப்பு என்றதும் கப்பலைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வது என்று நினைக்கிறோம். கடலில் அது பெரும்பாலும் நடக்காத காரியம். முதல் உலகப் போரில் 1917ஆம் ஆண்டு ஓவியர் நார்மன் வில்கின்சன் முன்வைத்த முறையின் நோக்கம் வேறு. கப்பல் தெரியட்டும், ஆனால் அது எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது நீர்மூழ்கியில் இருப்பவனுக்குப் புரியாமல் குழம்பட்டும் என்பதே அவர் எண்ணம்.

இரண்டாம் போரில் இரு முறைகளும் சேர்ந்தே நடந்தன. பறவைகளை ஆராய்ந்த பீட்டர் ஸ்காட் என்ற கடற்படை அதிகாரி, வெள்ளையோடு வெளிறிய நீலமும் பச்சையும் பூசி அட்லாண்டிக் காவல் கப்பல்களை இரவில் மங்கச் செய்தார். பெரிய கப்பல்களுக்குப் பல நிறத் திட்டுகள் வந்தன. மலாயாவும் போரின் பிற்பகுதியில் அப்படித் திட்டுப் பூசிக்கொண்ட கப்பல்தான். கடற்படை 1943இலும் 1945இலும் இதற்கென்றே உள்வட்டக் கையேடு வெளியிட்டது. அந்தக் காலத்தில் வந்த ஜி45, பி30 போன்ற பெயர்களில் எழுத்து பச்சையையோ நீலத்தையோ குறிக்கும். எண், அந்த வண்ணம் திருப்பி அனுப்பும் ஒளியின் சதவீதம்.

கறுப்பு வெள்ளைப் படம் சொல்லும் பொய்

நிறத்தை அறிய நம்மிடம் உள்ள பெரும்பாலான சான்றுகள் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். அவற்றில் நிறம் இல்லை, ஒளியின் அளவு மட்டுமே உண்டு. அதையும் முழுவதும் நம்ப முடியாது. அந்தக் காலத்துப் படச்சுருளில் ஒரு வகை சிவப்பை உணராது. அதில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். நம் புலிக் கொடியை அப்படிப்பட்ட சுருளில் எடுத்தால் வெள்ளைக்குக் கீழே உள்ள மூன்று பட்டைகளும் கறுத்துப் போய்த் தெரியும். அடர் நீலத் திட்டைச் சாம்பல் என்று எண்ணிவிடுவதும் இப்படித்தான்.

நமக்கு மிக அருகில் உள்ள எடுத்துக்காட்டு எச்.எம்.எஸ். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். 1941 டிசம்பர் 2ஆம் தேதி திட்டு வண்ணத்தோடு சிங்கப்பூர் வந்தது. எட்டே நாளில், டிசம்பர் 10ஆம் தேதி, ரிபல்ஸ் கப்பலோடு சேர்ந்து குவாந்தான் கடலுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. இரு கப்பல்களிலும் சேர்த்து 840 பேர் இறந்தனர். தாமியா நிறுவனத்தின் மாதிரிப் பெட்டி வழியே உலகெங்கும் செய்யப்படும் இந்தக் கப்பலின் கடைசி நிறங்கள் பற்றி இன்றும் வாதம் ஓயவில்லை.

கடலடியில் கிடக்கும் கப்பல்களும் அப்படியே இல்லை. அவை மாலுமிகளின் கல்லறை. அங்கிருந்து பழைய இரும்பைத் திருடியதாகச் சந்தேகிக்கப்பட்ட சுவான் ஹோங் 68 என்ற கப்பலை நம் கடல்சார் அமலாக்க அமைப்பு 2023 மே மாதம் தடுத்து வைத்தது.

வீட்டில் செய்பவர்களுக்கு

முதல் முறை செய்பவர்கள் 700இல் ஒரு பங்கு அளவையே எடுக்கலாம். 1971இல் ஜப்பானின் ஷிசுவோக்கா நிறுவனங்கள் தொடங்கி வைத்த இந்த வரிசையில், நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதி மட்டுமே இருக்கும். செலவும் இடமும் குறைவு.

பெட்டியின் மேல் உள்ள ஓவியத்தை மட்டும் பார்த்து வண்ணம் வாங்காதீர்கள். நான் முதலில் செய்த தவறு அதுதான். தேர்ந்தெடுத்த ஆண்டில் எடுத்த படங்களை, இரு பக்கத்தையும் காட்டும்படி தேடுங்கள். உருமறைப்புத் திட்டுகள் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. மரத் தளத்தை மரநிறத்தில் பூசும் முன் யோசியுங்கள், போர்க்காலத்தில் பல கப்பல்களின் தளத்துக்கும் அடர் சாம்பல் பூசிவிட்டார்கள்.

உண்மையான நிறத்தை அப்படியே பூசினால் சிறிய மாதிரியில் அது அடர்ந்து தெரியும். கொஞ்சம் வெள்ளை சேர்த்துக் கொள்ளலாம். பிளாஸ்டிக் கரண்டியில் பூசி, காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் லாக்கர் வகை வண்ணம் வெண்மையாகப் பூத்துவிடும். மழை நாள் மாலையில் அந்த வேலையைத் தள்ளிப் போடுவது நல்லது.

இன்னொரு கேள்வி எஞ்சி நிற்கிறது. 1941 டிசம்பர் இறுதியில் ஜப்பானியப் படை ஈப்போவுக்குள் நுழைந்தபோது, பேராக் பணத்தில் கட்டிய கப்பல் எங்கே இருந்தது? ஐரோப்பாவின் வாசலில், ஜிப்ரால்டரில். அந்த ஆண்டு பிப்ரவரியில் அது இத்தாலியின் ஜெனோவா நகரைச் சுட்டபோது தேவாலயத்துக்குள் வெடிக்காமல் விழுந்த ஒரு குண்டு இன்றும் அங்கே காட்சிக்கு இருக்கிறது. நம் தோட்டத்து மக்களோ சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள்.

மாதிரிக் கப்பலின் அடியில் ஒரு சிறு அட்டை வைப்பது வழக்கம். கப்பலின் பெயர், ஆண்டு, வண்ண எண் ஆகியவற்றை அதில் எழுதுவார்கள். மலாயாவைச் செய்பவர்கள் இன்னொரு வரியும் சேர்க்கலாம்: பணம் கூட்டு மலாய் மாநிலங்களுடையது, ஈயமும் ரப்பரும் தந்தது.