இடையில் நின்ற சிறு பெட்டி



இசை மேடைகளை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். பாடுவோர் முன்னே நிற்பர். முழவுக் கருவிகள் பின்னே அதிரும். ஓர் ஓரத்தில் ஒருவர், நீண்ட கழுத்தும் நான்கு தடித்த கம்பிகளும் உடைய கருவி ஒன்றை அமைதியாக மீட்டிக்கொண்டிருப்பார். அதுவே பேஸ் கித்தார். பாட்டுக்கு அடித்தளமாகும் தாழ்ந்த சுரங்களைத் தருவது அது. அவர் காலடியில் கிடக்கும் சிறு பெட்டியை யாரும் கவனிப்பதில்லை. உள்ளங்கையில் அடங்கும் அப்பெட்டியின் வரலாற்றையே இன்று சொல்ல வந்தேன். அதனோடு என் பிழை ஒன்றும் பிணைந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்வேன்.

1998ஆம் ஆண்டு, நான் பணியாற்றிய பள்ளியின் ஆண்டு விழா. கலை நிகழ்ச்சிகளுக்கு நானே பொறுப்பு. மேல்நிலை வகுப்பு மாணவன் ஒருவன் தன் பேஸ் கித்தாரைக் கொண்டுவந்திருந்தான். அதற்குரிய ஒலிபெருக்கி வந்து சேரவில்லை. வாடகைக்கு வந்த ஒலியமைப்பாளர், நீண்ட கம்பியொன்றால் கருவியை நேரே ஒலிக்கலவைப் பெட்டியில், அதாவது மிக்சரில், ஒலிவாங்கிக்குரிய துளையில் செருகினார். வந்த ஓசை மெலிந்தும் மழுங்கியும் இருந்தது. அதன் மேல் வண்டு முரல்வதுபோல் ஓர் இரைச்சல். "மிக்சரின் மின்செருகியில் எர்த் முனையைக் கழற்றிவிட்டால் இரைச்சல் நின்றுவிடும்" என்றார் அவர். "அப்படியானால் நான் கம்பியைத் தொடமாட்டேன், ஐயா" என்றான் மாணவன். ஏன் என்று அவனால் விளக்க இயலவில்லை. நானும் பொறுமையாகக் கேட்கவில்லை. முன்வரிசையில் விருந்தினர் அமர்ந்துவிட்டனர். அவனது மறுப்பைப் பிடிவாதம் என்று கொண்டேன். எல்லோரும் பார்க்க மேடையை விட்டு இறக்கினேன்.

அவன் சொன்னது சரி என்பதை அறிய நாம் 1831ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் லண்டனில் மைக்கேல் பாரடே, ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பிச் சுருள் சுற்றினார். ஒரு சுருளில் மின்னோட்டத்தைத் தொடங்கியபோதும் நிறுத்தியபோதும், அதனைத் தொடாத மறு சுருளில் மின்சாரம் தோன்றியது. மாறும் காந்தப் புலம் மின்சாரத்தைப் பிறப்பிக்கும் என்பது அன்று தெளிவாயிற்று. பேஸ் கித்தாரின் உயிரும் இதுவே. அதன் எஃகுக் கம்பிகளின் கீழே காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருளும் உள்ளன. இதற்கு பிக்கப் என்று பெயர். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. சுருளில் மின் அலை எழுகிறது.

இக்கருவி தோன்றுமுன் தாழ்சுரத்தைத் தந்தது ஆள் உயரத்தையும் விஞ்சிய டபிள் பேஸ் என்னும் பெரும் பிடில். அதைச் சுமப்பதும் அரிது; பெரிய குழுவின் நடுவே அதன் ஓசை கேட்பதும் அரிது. 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் சிறிய மின் பேஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. கலிபோர்னியாவில் புல்லர்டன் என்னும் ஊரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துவந்த லியோ பெண்டர் 1951இல் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' உலகெங்கும் பரவியது. கித்தார் வாசிக்கத் தெரியாத ஒருவர் கித்தார் வரலாற்றையே திருப்பினார் என்பது வியப்பன்றோ! இதன் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அந்த ஓசையைத் தாங்கவல்ல ஒலிபெருக்கியையும் அவர் நிறுவனம் 1952இல் வெளியிட்டது.

அவ்வொலிபெருக்கிக்கும் மிக்சருக்கும் உள்ள வேறுபாட்டில்தான் அன்றைய மழுங்கிய ஓசையின் காரணம் இருக்கிறது. ஊற்றுச் சிறிதாயுள்ள கிணற்றை எண்ணிப் பாருங்கள். சிறு குடத்தால் மொண்டால் நீர் குறையாது, தெளிவாகவும் இருக்கும். பெரிய சாலை விட்டுக் கவலை இறைத்தாலோ, நீர்மட்டம் தாழ்ந்து சேறு வரும். பிக்கப் அத்தகைய ஊற்று. மின்னழுத்தம் தரும், மிகுந்த மின்னோட்டம் தர இயலாது. அதற்கென அமைந்த ஒலிபெருக்கியின் வாயில் பத்து இலட்சம் ஓம் அளவு எதிர்ப்புடையது. ஆதலால் மிகச் சிறிதே மொள்ளுகிறது. மிக்சரில் ஒலிவாங்கிக்குரிய வாயிலோ ஏறத்தாழ 2,000 ஓம் மட்டுமே, அது பெருஞ்சால். அதில் நேரே செருகினால் ஓசை மெலியும். அதிர்வெண் கூடக்கூடச் சுருளின் தடையும் கூடுவதால், கூர்மையான ஒலிகளே முதலில் மடியும்.

இரைச்சலுக்குக் காரணம் வேறு. தொடக்கத்தில் தொலைபேசிகள் ஒற்றைக் கம்பியைக் கொண்டு, மண்ணையே மறு கம்பியாகப் பயன்படுத்தின. அண்டையிலுள்ள தந்திக் கம்பிகளின் சலசலப்பெல்லாம் பேச்சோடு கலந்தது. 1881இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல், இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி அமைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். புறத்தேயிருந்து வரும் இரைச்சல் இரு கம்பிகளிலும் ஒரே அளவாக ஏறும். முடிவில் இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இரைச்சல் கழிந்துவிடும், பேச்சு நிற்கும். ஐந்திலிருந்து ஐந்தைக் கழிக்கும் கணக்கே இது. ஒலிவாங்கிக் கம்பிகள் இம்முறையில் அமைந்தவை. கித்தார்க் கம்பி அவ்வாறன்று. ஆதலால் அது நீளக்கூடாது.

இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்ப்பது நம் சிறு பெட்டி. டி.ஐ. பெட்டி என்பர். அதன் எளிய வகையினுள் இருப்பது ஒரு மின்மாற்றி. பாரடேயின் இரு சுருள்களேதாம்! ஒரு பக்கம் பன்னிரண்டு சுற்றுக்கு மறு பக்கம் ஒரு சுற்று என்ற வீதம் கொள்வோம். மின்னழுத்தம் பன்னிரண்டில் ஒரு பங்காகும். மெல்லிய அலைகளுக்கென்றே அமைந்த வாயிலுக்கு அது போதும். எதிர்ப்போ பன்னிரண்டின் வர்க்கமாகிய 144 மடங்காகத் தோன்றும். 2,000 ஓம் என்பது பிக்கப்பின் பார்வையில் 2,88,000 ஓம் ஆகிவிடுகிறது. சால் குடமாயிற்று. வெளிவரும் அலையும் இரட்டைக் கம்பியில் ஏறி நெடுந்தூரம் செல்ல வல்லதாகிறது.

இம்முறை முதலில் வேரூன்றியது ஒலிப்பதிவுக் கூடங்களில். 1960களில் டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனம், ஒரு வீட்டையே கூடமாக்கி, ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் ஓசையை நேரே பதிவு மேசைக்குக் கொண்டுசென்றது. லண்டனில் கென் டவுன்செண்ட் என்னும் பொறியாளர் செய்த பெட்டி, 1967இல் பீட்டில்ஸ் குழுவினரின் பதிவில் பயன்பட்டது. பின்னர் மிக்சர் மேடையோரத்தை விட்டு அவையினர் நடுவே சென்றபோது, நெடுந்தூரக் கம்பிக்கு இப்பெட்டி இன்றியமையாததாயிற்று.

வானொலி நேயர்களுக்கு உவப்பான செய்தி ஒன்றும் உண்டு. 1966இல் ஜெர்மனியின் நாய்மான் நிறுவனம் நார்வே வானொலிக்கு ஒலிவாங்கிகள் செய்தளித்தது. அங்கே அவசர விளக்குகளுக்கென 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அதையே ஒலிவாங்கிக் கம்பியின் வழியே அனுப்பும்படி அமைத்தனர். இன்று மின்னாற்றல் வேண்டும் டி.ஐ. பெட்டிகள் பலவும் மிக்சரிலிருந்து அந்த 48 வோல்ட்டையே பெறுகின்றன.

இனி எர்த் முனைக்கு வருவோம். பழுதுற்ற கருவியின் உலோகத்தில் மின்சாரம் பாய்ந்தால், அதை மண்ணுக்கு இட்டுச்சென்று, உருகியை எரியச்செய்து, உயிரைக் காப்பது அம்முனை. அதை நீக்கினால் அம்மின்சாரம் கம்பியைத் தொட்டு நிற்கும் கலைஞரின் உடல் வழியே செல்லக்கூடும். 1972 மே 3ஆம் நாள், பிரிட்டனின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்னும் கித்தார்க் கலைஞர் புவி இணைப்புச் செவ்வனே அமையாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிர் துறந்தார். டி.ஐ. பெட்டியில் 'கிரவுண்டு லிப்ட்' என்னும் சிறு விசை உண்டு. அது ஒலிக்கம்பியின் புவித் தொடர்பை மட்டும் விலக்கி, இரைச்சலைத் தணிக்கிறது. மின்செருகியில் கைவைக்க வேண்டியதே இல்லை.

செய்முறை எளிது. முதலில் மிக்சரின் ஒலியைத் தாழ்த்துங்கள். குறுகிய கம்பியால் கருவியைப் பெட்டியோடு இணையுங்கள். பெட்டியிலிருந்து மூன்று முனைக் கம்பியை மிக்சரின் ஒலிவாங்கித் துளைக்குக் கொண்டுசெல்லுங்கள். பிறகு சிறிது சிறிதாக ஒலியை உயர்த்துங்கள். இரைச்சல் கேட்டால் பெட்டியின் விசையை மாற்றுங்கள். எர்த் முனையை ஒருபோதும் தொடாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாணவன் என் இல்லம் வந்தான். இப்போது மேடை ஒலியமைப்பே அவன் தொழில். இப்பெட்டியைத் திறந்து காட்டி எனக்குப் பாடம் சொன்னவன் அவனே. "அன்று உன்னை இறக்கிவிட்டேனே" என்றேன். "எனக்கு அப்போது காரணம் சொல்லத் தெரியாது, ஐயா. வாசிக்கக் கற்றுக்கொடுத்த அண்ணன் கம்பியில் மின்னதிர்ச்சி பட்டு விழுந்ததைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான்" என்றான்.

கண்டதைக் கேட்டறிந்து, அதிலிருந்து காரணத்திற்கு மாணவனை அழைத்துச் செல்வதே ஆசிரியன் கடமை என்று பயிற்சிக் கல்லூரியில் படித்தவன் நான். "ஏன் தொடமாட்டாய்?" என்று அமைதியாக ஒரு வினா கேட்டிருந்தால் போதும். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடி, திருகுகளை முடுக்கினான்.